விசுவாசம் என்ற சொல்

சில சொற்களுக்கு ஒரு துர்க்குணம் உண்டு. அவை உண்மையாக இருப்பதனாலேயே நம்மை மேற்கொண்டு யோசிக்க விடுவதில்லை. 'விசுவாசம்' என்பது அப்படிப்பட்ட ஒரு சொல். இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் ஜிம்மி ஆர்ம்ஃபீல்ட் 2018 ஜனவரி 22-ஆம் தேதி தமது 82-ஆவது வயதில் காலமானபோது, அவரைப் பற்றி எழுதியவர்கள் பலர் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரே கிளப்புக்கு ஆடினார், கடைசிவரை அதை விட்டுப் போகவில்லை, அடக்கமானவர், நல்ல மனிதர். இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் இவ்வளவையும் படித்து முடித்த பிறகும், அந்த மனிதர் மைதானத்தில் இறங்கி என்னதான் செய்தார் என்பது நமக்குத் தெரிவதில்லை. ஒருவரைப் புகழ்ந்துகொண்டே அவருடைய வேலையை மறைத்துவிட முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நான் கதை எழுதுகிறவன். கால்பந்தில் நிபுணன் அல்ல. ஆனால் ஒரு மனிதனுடைய வாழ்க்கையைச் சொல்ல வருகிறவர்கள் எதைச் சொல்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பது என் தொழிலுக்குச் சம்பந்தப்பட்ட விஷயம். ஆர்ம்ஃபீல்டின் வாழ்க்கையை வழக்கமாகச் சொல்கிற முறையில் இரண்டு கோளாறுகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் நம்முடைய கதைகளிலும் உள்ள கோளாறுகள்தான்.

முதலில் விவரங்கள். மாஞ்செஸ்டருக்கு அருகில் உள்ள டென்டன் என்ற ஊரில் 1935 செப்டம்பரில் பிறந்தவர் அவர். யுத்த காலத்தில், சிறு பிள்ளையாக இருக்கும்போதே, பிளாக்பூலுக்கு வந்து சேர்ந்தார். பிளாக்பூல் என்பது லங்காஷயர் கடற்கரையில் உள்ள உல்லாச ஊர். பஞ்சாலைத் தொழிலாளிகள் வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு ரெயிலேறி வந்து கடற்காற்று வாங்கிப் போவதற்குப் பேர்போன இடம். அந்த ஊர்க் கிளப்புக்காக 1954 டிசம்பர் 27-ஆம் தேதி போர்ட்ஸ்மத்தில் முதல் பந்தயம் ஆடினார். கடைசிப் பந்தயம் 1971 மே 1-ஆம் தேதி, சொந்த மைதானமான புளூம்ஃபீல்ட் ரோடில், மாஞ்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக. நடுவில் மொத்தம் 627 பந்தயங்கள். அவற்றில் 569 லீக் பந்தயங்கள். இங்கிலாந்துக்காக 43 முறை ஆடினார்; 15 முறை காப்டனாக இருந்தார். லீகில் வேறு எந்தக் கிளப்பின் சட்டையையும் அவர் போட்டதில்லை.

அவர் நின்ற ஸ்தானம் 'ரைட் பாக்'. கால்பந்து பார்த்துப் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மைதானத்தின் வலது ஓரத்தில், தன் பக்கத்துக் கோலுக்கு முன்னால் நின்று, எதிர்க் கட்சியின் விங் ஆட்டக்காரர் பந்தைக் கொண்டுவந்தால் தடுக்க வேண்டியவர் அவர். வீட்டில் சமையற்கட்டைக் கவனிக்கிறவர்களைப் போன்ற உத்தியோகம். எல்லாம் சரியாக நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு நாள் உப்பு அதிகமானால் வீடே பேசும். கோல் போட்டவரின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். விழாமல் போன கோலுக்குப் பத்திரிகையில் இடம் கிடையாது.

பிளாக்பூல் 1953-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. பைனலில் போல்டனை 4-3 என்று தோற்கடித்தது. அந்தப் பந்தயத்தில் ஸ்டான் மார்ட்டென்சன் மூன்று கோல் போட்டார். இருந்தும் உலகம் அதற்கு இட்ட பெயர் 'மாத்யூஸ் பைனல்'. வலது ஓரத்தில் ஸ்டான்லி மாத்யூஸ் செய்து காட்டிய ஜாலவித்தைதான் ஜனங்கள் மனத்தில் நின்றது. மூன்று கோல் போட்டவருக்கே இந்தக் கதி என்றால், பின்னால் நிற்கிற பாக்கைப் பற்றிக் கேட்பானேன்! அடுத்த வருஷம் வந்து சேர்ந்த ஆர்ம்ஃபீல்டுக்கு வாய்த்த இடமோ சரியாக அந்த மாத்யூஸுக்குப் பின்னால். அத்தனை பெரிய மரத்தின் நிழலில் நின்ற இருபது வயதுப் பையன்.

அந்த நிழலில் அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். மாத்யூஸின் காலில் பந்து வந்துவிட்டால் எதிராளிகள் இரண்டு பேர் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் போதாது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் ஓரிடத்தில் கூடினால் வேறு எங்காவது ஓர் இடம் காலியாக வேண்டும். ஆர்ம்ஃபீல்ட் அந்தக் காலி இடத்தைக் கண்டார். தன் ஸ்தானத்தை விட்டுக் கிளம்பி, மாத்யூஸைக் கடந்து, எதிர்க் கட்சியின் எல்லைக்குள் ஓடினார். அவருக்குப் பந்து கொடுக்கலாம். கொடுக்காவிட்டாலும் நஷ்டமில்லை, ஓடுகிறவரைப் பார்த்து ஒருவர் விலகினால் மாத்யூஸுக்கு வழி கிடைத்துவிடும். பாக் என்றால் பாதி மைதானத்தைத் தாண்டக் கூடாது என்று எண்ணிய காலம் அது. இன்று உலகத்தில் எந்த நல்ல டீமை எடுத்துக்கொண்டாலும் பாக் ஆட்டக்காரர்கள் ஓரத்தில் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கிய முன்னோடிகளில் ஆர்ம்ஃபீல்ட் ஒருவர். பிரேசிலில் நில்டன் சாந்தோஸ் என்பவர் இடது பக்கத்தில் அப்படி ஆடினார். அவரும் போட்டாஃபோகோ என்ற ஒரே கிளப்பில் வாழ்க்கையைக் கழித்தவர் என்பது கவனிக்கத் தக்கது.

இங்கே முதல் கோளாறைப் பார்க்கிறோம். விசுவாசி என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுகிறவர் யார்? சொன்னதைச் செய்துகொண்டு, நின்ற இடத்தில் நிற்கிறவர். ஆர்ம்ஃபீல்ட் அப்படி இல்லை. அவர் ஊரை விட்டுப் போகவில்லையே தவிர, நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை. 1962-இல் சிலியில் நடந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்து காலிறுதியில் பிரேசிலிடம் 3-1 என்று தோற்று வெளியேறியது. ஆனாலும் உலகத்திலேயே சிறந்த ரைட் பாக் என்று அவருக்குப் பெயர் கிடைத்தது. நின்ற இடத்தில் நின்றதற்காகவா அந்தப் பெயர்? 'விசுவாசம்' என்ற பெரிய போர்வையைப் போர்த்தியதில் அவருடைய புத்தி சாதுரியமும் துணிச்சலும் உள்ளே மறைந்துவிட்டன.

அந்த விசுவாசத்தையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் ஆட வந்த காலத்தில் இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களின் நிலைமை என்ன? ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில் இருந்தது. ஒப்பந்தத் தவணை முடிந்துபோனாலும், 'இவரை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்' என்று கிளப் சொல்லிவிட்டால், லீகில் வேறு எங்கும் அவர் ஆட முடியாது. சம்பளத்துக்கும் ஓர் உச்ச வரம்பு இருந்தது. கடைசியில் அது வாரத்துக்கு 20 பவுன். மைதானம் நிரம்பி வழிந்தாலும் 20 பவுன்தான். அந்த ஜனங்கள் பார்க்க வந்தது அவரைத்தான் என்றாலும் 20 பவுன்தான். பெரிய கிளப்புக்குப் போனாலும் சட்டப்படி அதற்குமேல் கொடுக்கக் கூடாது.

ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வதாகப் பயமுறுத்திய பிறகு, 1961 ஜனவரியில் அந்த வரம்பு ஒழிந்தது. சங்கத்தின் தலைவராக நின்று போராடியவர் ஜிம்மி ஹில். நியூகாஸில் கிளப்பிலிருந்து வெளியேற விரும்பிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஆட்டக்காரரைப் பிடித்து வைத்துக்கொள்கிற அந்த ஏற்பாடு நியாயமற்றது என்று தீர்ப்புச் சொன்னார். அப்போதும் கதவு பாதிதான் திறந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் தம் இஷ்டப்படி போகலாம் என்ற உரிமை வர 1978 ஆயிற்று.

ஆகவே, அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் எல்லோரும் விசுவாசிகள், இந்தக் காலத்தவர்கள் பணத்துக்காக ஓடுகிறவர்கள் என்று பெருமூச்சு விடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சம்மதமில்லை. கூண்டின் கதவைச் சாத்திவிட்டு, கிளி என்மேல் எவ்வளவு பிரியமாக இருக்கிறது பார் என்று சொல்வதைப் போன்றது அது. போக முடியாதவர் போகாமல் இருந்ததைக் குணம் என்று சொல்ல முடியாது. ஆர்ம்ஃபீல்டின் முதல் ஒன்பது வருஷங்களைப் பொறுத்த வரையில், விசுவாசத்தின் பெயரால் அவருக்கு நான் ஒரு மதிப்பெண்ணும் கொடுக்கத் தயாரில்லை. ஆட்டத்துக்காகக் கொடுக்கலாம், தங்கியதற்காக இல்லை.

விஷயம் பிறகுதான் ஆரம்பமாகிறது. பாதிக் கதவு திறந்தது. சம்பள வரம்பு போனதும் பணம் பெரிய நகரங்களின் பக்கம் சாய்ந்தது. பிளாக்பூல் மாதிரியான சிறிய ஊர்க் கிளப்புகள் மெலிய ஆரம்பித்தன. மாத்யூஸ் 1961 அக்டோபரில், தமது 46-ஆவது வயதில், பழைய கிளப்பான ஸ்டோக்குக்கே திரும்பிப் போய்விட்டார். பிளாக்பூலில் வளர்ந்த ஆலன் பால் என்ற இளைஞர் 1966 ஆகஸ்டில் 1,10,000 பவுனுக்கு எவர்டனுக்குப் போனார். அடுத்த வசந்தத்தில், 1967-இல், பிளாக்பூல் கடைசி ஸ்தானத்துக்கு வந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அதற்கு அடுத்த வருஷம் மேலே ஏற வேண்டியது. குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸும் பிளாக்பூலும் சமமாகப் புள்ளிகள் எடுத்திருந்தன. கோல் சராசரியில் பிளாக்பூல் பின்தங்கி அங்கேயே நின்றது. 1970-இல் ஏறியது. 1971-இல் மறுபடி இறங்கியது.

இந்த ஏற்ற இறக்கம் அத்தனையிலும் ஆர்ம்ஃபீல்ட் இருந்தார். உலகத்தில் சிறந்தவர் என்று பெயரெடுத்தவர் இரண்டாம் டிவிஷனில் மூன்று வருஷம் ஆடினார். போகிறவர்களைப் பார்த்துக்கொண்டும், புதிதாக வருகிற பையன்களுக்கு நடுவில் நின்றுகொண்டும் ஆடினார். விசுவாசம் என்ற சொல்லுக்கு அவருடைய வாழ்க்கையில் ஏதாவது பொருள் இருந்தால் அது இந்தப் பிற்பகுதியில்தான் இருக்கிறது. அவர் மனத்துக்குள் என்ன ஓடியது என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் செய்ததைத்தான் பார்க்க முடியும். மாலையும் கைதட்டலும் நின்றுபோன பிறகும் அதே வேலையை அதே சிரத்தையோடு செய்தார். அது போதும்.

அடுத்த கோளாறு 1966-ஐப் பற்றியது. ஆர்ம்ஃபீல்டின் கதையைச் சொல்கிறவர்கள் அந்த வருஷத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். 1963-64 பருவத்தின் முடிவில் அவருக்குக் காயம் பட்டது. அவர் குணமாகி வருவதற்குள் இங்கிலாந்து டீமில் அவருடைய இடம் ஃபுல்ஹாம் கிளப்பைச் சேர்ந்த ஜார்ஜ் கோஹனுக்குப் போய்விட்டது. 1966 ஜூனில், உலகக் கோப்பைக்கு முன்னோட்டமாக ஹெல்சிங்கியில் பின்லாந்தோடு நடந்த பந்தயத்தில் ஆர்ம்ஃபீல்ட் காப்டனாக இறங்கினார். இங்கிலாந்துக்காக அவர் ஆடிய கடைசிப் பந்தயம் அதுதான். ஜூலை 30-ஆம் தேதி வெம்பிளியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்றபோது, டீமுக்குத் தேர்ந்தெடுத்த 22 பேரில் ஆர்ம்ஃபீல்டும் ஒருவர். ஆனால் ஆடியது 11 பேர். அன்றைய விதிப்படி நடுவில் ஆள் மாற்றவும் முடியாது. பதக்கமும் அந்த 11 பேருக்குத்தான். அவருடைய சொந்தக் கிளப்பின் பையன், 21 வயது ஆலன் பால், மைதானம் முழுவதும் ஓடி ஓடி ஆடினார். கிளப்பின் காப்டன் வெளியில் இருந்து பார்த்தார்.

கதாசிரியர்களுக்கு இதைக் கண்டால் நாக்கில் நீர் ஊறும். தியாகி, துரதிர்ஷ்டசாலி, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இதற்குப் பிறகு 2009 வருகிறது. ஆடாத ஆட்டக்காரர்களுக்கும் பதக்கம் உண்டு என்று உலகக் கால்பந்துச் சம்மேளனம் முடிவு செய்ததை அடுத்து, அந்த வருஷம் ஜூன் 10-ஆம் தேதி, லண்டனில் பிரதம மந்திரியின் மாளிகையில், 43 வருஷம் தாமதமாக அந்தப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. பார்த்தீர்களா, கடைசியில் நல்லவனுக்கு நல்லது நடந்துவிட்டது என்று கதையைச் சுபமாக முடித்துவிடலாம். நம்முடைய தொடர்கதைகளில் கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் நடப்பதைப் போல.

இந்த முடிவு எனக்கு ஒப்பவில்லை. காரணம் ஜார்ஜ் கோஹன். ஆர்ம்ஃபீல்டின் இடத்தைப் பிடித்துப் பதக்கம் வாங்கிய அந்தக் கோஹன் யார்? 1956 முதல் 1969 வரை ஃபுல்ஹாம் என்ற ஒரே கிளப்பில் ஆடிய இன்னொரு ரைட் பாக். அவரும் அடக்கமானவர்தான், அவரும் பெரிய கிளப்பைத் தேடிப் போகாதவர்தான். ஒரே குணம், ஒரே உத்தியோகம், ஒரே மாதிரியான கிளப். ஒருவருக்கு அன்று மாலையே பதக்கம். மற்றவருக்கு 43 வருஷம். விசுவாசத்துக்குக் கூலி கிடைக்கும் என்பதற்கு ஒருவரையும், கிடைக்காது என்பதற்கு மற்றவரையும் சாட்சிக்கு அழைக்கலாம். ஆக, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் உண்மை. நடுவில் நின்றது ஒரு காயம், அவ்வளவே.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த வருஷம் ஆல்ஃப் ராம்ஸே அமைத்த டீமில் விங் ஆட்டக்காரர்களே இல்லை. ஓரங்கள் இரண்டும் காலி. அந்தக் காலி ஓரங்களில் முன்னேறிப் போய்ப் பந்தைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு பாக் ஆட்டக்காரர்களுடையதாயிற்று. வலது பக்கம் அந்த வேலையைக் கோஹன் செய்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் மாத்யூஸைச் சுற்றி ஆர்ம்ஃபீல்ட் ஓடிப் பழகிய அதே ஓட்டம், உலகக் கோப்பையை வென்ற டீமுக்கு இன்றியமையாததாக ஆகியிருந்தது. மனிதர் வெளியில் இருந்தார். அவர் பழக்கிய ஆட்டம் உள்ளே இருந்தது. இதைச் சொல்லாமல் பதக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது, சங்கீதத்தைக் கேட்காமல் பொன்னாடையைப் பார்ப்பது போன்றது.

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய கிளப்புக்குப் போயிருந்தால் அவர் லீக் பட்டமும் கோப்பையும் வென்றிருக்கலாம். பிளாக்பூலில் அவருக்குப் பெரிய பரிசு எதுவும் கிடைக்கவில்லை. கோப்பை அவர் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. 1956-இல் லீகில் இரண்டாம் ஸ்தானத்துக்கு வந்ததுதான் அவர் காலத்தின் சிகரம். இன்னும் சிறந்த துணைவர்களோடு ஆடியிருந்தால் அவருடைய திறமையே இன்னும் விரிந்திருக்கக் கூடும். தங்கிவிடுவதில் சோம்பல் கலந்திருக்கலாம், பயம் கலந்திருக்கலாம். பழகிய நாற்காலியின் சுகத்தை விசுவாசம் என்று பெயரிட்டு அழைக்கிறவர்களை நாம் பார்க்காமல் இல்லை.

இந்தக் கட்சியில் பலம் இருக்கிறது. ஆனால் ஆர்ம்ஃபீல்டுக்கு அது பொருந்தாது. அதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சாட்சி. ஆட்டத்தை நிறுத்திய உடனே 1971-இல் அவர் போல்டன் கிளப்புக்கு மானேஜராகப் போனார். மூன்றாம் டிவிஷனில் கிடந்த அந்தக் கிளப் 1973-இல் முதலிடம் பெற்று மேலே ஏறியது. 1974-இல் லீட்ஸ் கிளப்பில் பிரையன் கிளஃப் என்ற பிரசித்தமான மானேஜர் 44 நாளில் விலக்கப்பட்டு, கிளப்பே கலகலத்துக் கிடந்தது. அந்த நெருப்புக்குள் துணிந்து போனவர் ஆர்ம்ஃபீல்ட். அடுத்த மே மாதமே லீட்ஸ் ஐரோப்பியக் கோப்பைப் பைனலில், பாரிஸில், பேயர்ன் மியூனிக்கை எதிர்த்து நின்றது. 2-0 என்று தோற்றது. பிறகு பத்திரிகையில் எழுதினார். பல வருஷங்கள் பி.பி.சி. ரேடியோவில் பந்தயங்களைப் பற்றிப் பேசினார். பயந்தவர் செய்கிற காரியங்கள் அல்ல இவை. போகத் தெரிந்தவர்தான் போகாமல் இருந்தார். அந்த நாட்களில் எல்லாம் பிளாக்பூல் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவரும் அவராகவே இருந்தார். ஜபக் கூட்டத்தில் ஆர்கன் வாசிக்கிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அவர் ஒரு ஸ்வரம் தவறினால் சபை முழுவதும் தடுமாறும். பாக் ஆட்டக்காரருக்கு ஏற்ற பொழுதுபோக்கு என்றே சொல்ல வேண்டும்.

நம் ஆபீஸ்களில் பிரிவுபசார விழா நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரோஜா மாலை, ஒரு கைக்கடிகாரம், பூந்தி மிக்ஸர், காபி. மேலதிகாரி எழுந்து, 'இவர் முப்பத்திரண்டு வருஷம் நம்மோடு இருந்தார்' என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் என்ன செய்தார் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். குழம்பிக் கிடந்த கணக்கை அவர் எந்த மாதிரி ஒழுங்கு செய்தார், புதிதாக வந்த குமாஸ்தாவுக்கு எதைக் கற்றுக் கொடுத்தார், நடக்கவிருந்த எந்தத் தப்பை நடக்காமல் தடுத்தார் என்பதெல்லாம் மேலதிகாரிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயன்றதும் இல்லை. இருந்ததைப் பாராட்டுவது சுலபம். செய்ததைப் பாராட்ட வேண்டுமானால் கவனித்திருக்க வேண்டும். மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பிளாக்பூல் ஜனங்கள் ஆர்ம்ஃபீல்டை மறக்கவில்லை. மைதானத்தின் தெற்குப் பகுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2011-இல் அவருக்கு அங்கே ஒரு சிலையும் எடுத்தார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே எடுத்தார்கள் என்பது சந்தோஷமான விஷயம். சிலையைப் பார்க்கிற சிறுவன் யாராவது, 'இவர் என்ன செய்தார்?' என்று தகப்பனாரைக் கேட்டால், 'கடைசிவரை நம் ஊரிலேயே இருந்தார்' என்று மட்டும் பதில் சொல்லாமல், மாத்யூஸுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பற்றியும், அதைக் கண்டு இவர் ஓடிய ஓட்டத்தைப் பற்றியும் அந்தத் தகப்பனார் சொல்ல வேண்டும். தங்கிய கதையை அதற்குப் பிறகு சொல்லலாம்.